சிலைட் றூல்: திருத்தும் முறையும் பேணும் முறையும்

எழுத்தைக் கற்பிப்பது நம் தொழில். எண்ணைக் கற்பிக்க வல்ல ஆசிரியர் பலர் இக்கல்லூரியில் உளர். அங்ஙனமிருக்கத் தமிழாசிரியராகிய நாம் கணிதக் கருவியொன்றைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். விழாவையொட்டிய கண்காட்சிக்குப் பழம்பொருள் திரட்டும் பணி நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. பழைய புத்தகங்களும் நிழற்படங்களும் வந்த பெட்டிகளிலே சிலைட் றூல்களும் வந்தன. அவற்றைத் துடைத்து மேசைமேல் அடுக்குவது எளிதென எண்ணினோம். அவ்வெண்ணத்தால் நேர்ந்த பிழையையும், அப்பிழை நமக்குக் கற்பித்தவற்றையும் இங்கே கூறுவாம்.

இன்றைய மாணவர் பலர் இக்கருவியைக் கண்டதில்லை. நாமும் அதனைப் பயன்படுத்திய தலைமுறையினர் அல்லேம். நாம் பிறப்பதற்கு முன்னரே அது வழக்கொழியத் தொடங்கிவிட்டது. ஆகவே அது யாதென முதலிற் கூறுதல் தகும். பார்வைக்கு அஃது ஓர் அடிமட்டம் போன்றது. மேலும் கீழும் அசையாத இரண்டு சட்டங்கள். அவற்றினிடையே பள்ளத்தில் நழுவியோடும் ஒரு நடுச்சட்டம். இவற்றின்மேல் இடமும் வலமும் நகரும் ஒரு கண்ணாடித் துண்டு. அக்கண்ணாடியின் நடுவே மயிர் போன்ற ஒரு கோடு உண்டு. அதனை ஓடுகண்ணாடி என இக்கட்டுரையில் வழங்குவோம்.

சட்டங்களிற் பொறித்த எண்கள் அடிமட்டத்தில் உள்ளவைபோலச் சம இடைவெளியில் நில்லா. ஒவ்வோர் எண்ணும் அதன் மடக்கைக்குரிய தூரத்தில் நிற்கும். ஒன்றிலிருந்து பத்து வரை 250 மில்லிமீற்றர் நீளமுள்ள அளவிடையில் இரண்டு என்பது 75 மில்லிமீற்றரிலும், மூன்று என்பது 119 மில்லிமீற்றரிலும், ஆறு என்பது ஏறக்குறைய 194½ மில்லிமீற்றரிலும் அமையும். இரண்டின் தூரத்தோடு மூன்றின் தூரத்தைச் சேர்த்தால் ஆறின் தூரம் வருகின்றதன்றோ? நீளத்தோடு நீளத்தைக் கூட்ட, எண்ணோடு எண் பெருகுகின்றது. கருவியின் சூத்திரம் முழுவதும் இவ்வளவே.

யோன் நேப்பியர் மடக்கையை உலகுக்கு வெளியிட்டது 1614இல். 1620இல் எட்மண்ட் கன்ரர் மடக்கையை ஒரு கோலிற் பொறித்தார். சில ஆண்டுகளுள் வில்லியம் ஓற்றெட் இரண்டு அளவிடைகளை ஒன்றன்மேலொன்று நழுவவிட்டு, கவராயத்தின் துணையின்றியே பெருக்கினார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மன்னெய்ம் என்ற பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி அளவிடைகளை ஒழுங்குசெய்து ஓடுகண்ணாடியையும் சேர்த்தமைத்த வடிவமே பின்னர் உலகெங்கும் பரவிற்று. 1969இற் சந்திரனுக்குச் சென்ற அப்பலோ 11 கலத்திலும் பிக்கெற் நிறுவனத்தின் அலுமினியச் சிலைட் றூல் ஒன்று போயிற்று. 1972இல் கியூலெற்–பக்கார்ட் நிறுவனம் சட்டைப்பையில் அடங்கும் விஞ்ஞானக் கணிகருவியை வெளியிட்டது. முந்நூற்றைம்பது ஆண்டுகள் வழங்கிய கருவி அதன்பின் சில ஆண்டுகளிலேயே மேசை இலாச்சிக்குட் சென்று மறைந்தது.

நம் நாட்டில் அக்கருவி பெரிதும் வழங்கிய இடங்களுள் ஒன்று நம் கல்லூரிக்கு அணித்தே இருந்தது. இலங்கைச் சர்வகலாசாலையின் பொறியியற் பீடம் 1950இற் கொழும்பிலேதான் தொடங்கியது. 1964இற் பேராதனைக்கு இடம்மாறும்வரை, அதன் மாணவர் கொள்ளுப்பிட்டியை அடுத்த தேர்ஸ்டன் வீதிப் பக்கத்திலே பயின்றனர். அக்காலத்து மாணவர் ஒருவர் இன்றும் கொள்ளுப்பிட்டியிற் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாழ்கின்றார். நீர்ப்பாசன வேலைகளில் நெடுங்காலம் உழைத்து இளைப்பாறிய பொறியியலாளர். கண்காட்சிக்கென்று அவர் நம் கையிற் கொடுத்தது ஐந்தங்குல நீளமுள்ள சிறு சிலைட் றூல் ஒன்று.

அதன் வரலாற்றை அவர் சுருக்கமாகவே சொன்னார். 1983 யூலைக் கலவரத்தின்போது அவர் குடும்பம் வெள்ளவத்தையில் இருந்தது. வீடு எரிக்கப்பட்டது. புத்தகங்களும் வரைபடங்களும் குறிப்பேடுகளும், தோலுறையிற் கிடந்த பத்தங்குலப் பெரிய சிலைட் றூலும் அதனோடு போயின. சட்டைப்பையிற் கிடந்த சிறியது மாத்திரம் எஞ்சியது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிகள் முகாமாயிருந்த அந்நாள்களில் அங்கே தங்கினோருள் அவரும் ஒருவர். அரிசி பங்கிடும் கணக்கை அச்சிறிய கருவியைக் கொண்டே போட்டதாகக் கூறினார். சிலைட் றூலுக்கு அது மிகவும் ஏற்ற கணக்கு. மொத்த அரிசியையும் மொத்த ஆள்களையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டால், நடுச்சட்டத்தை மீண்டும் அசைக்க வேண்டியதில்லை. மூவருள்ள குடும்பத்துக்கு எவ்வளவு, எழுவருள்ள குடும்பத்துக்கு எவ்வளவு என ஓடுகண்ணாடியை மாத்திரம் நகர்த்தி வாசித்துக்கொண்டே போகலாம்.

அத்தகைய பொருளை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பல்லாண்டுக் கை அழுக்கு அதிற் படிந்திருந்தது. காயத்துக்குப் பூசும் ஸ்பிரிற்றைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் துடைத்தோம். அழுக்கு அகன்றது, அதனோடு எண்களின் கறுப்பும் அகன்றது. மேற்பரப்பு ஓரிடத்தில் மங்கி மூடுபனி போலாயிற்று. அளவிடையில் இரண்டுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட பகுதி வெறும் வெள்ளையாய்த் தோன்றியது. அன்றிரவு நாம் உறங்கவில்லை என்பதை ஒளிப்பானேன்?

மறுநாள் அவரிடம் சென்று நடந்ததை உரைத்தோம். அவர் கருவியைச் சன்னலருகே சரித்துப் பிடித்து உற்றுநோக்கினார். “மாஸ்ரர், கோடு அழியேல்லை. கறுப்புத்தான் போயிருக்கு. நீங்கள் ஏடு பாத்த ஆள், உங்களுக்குத் தெரியாததோ?” என்றார்.

அச்சொல்லே நமக்கு வழிகாட்டிற்று. பனையோலையில் எழுத்தாணி கீறுமேயன்றி மை இடாது. கீறிய ஏட்டின்மேல் விளக்குக்கரியும் இலைச்சாறும் போன்றவற்றைப் பூசித் துடைக்க, கரி கீறல்களினுள் தங்கி எழுத்துத் துலங்கும். அங்ஙனம் மையிட்டதை மையோலை என்பர். காலத்தால் எழுத்து மங்கிய ஏட்டுக்கும் மீண்டும் மையிடலாம். நல்ல சிலைட் றூலும் அவ்வகையதே. கோடுகளும் எண்களும் மேற்பரப்பில் வெட்டப்பட்டு, வெட்டினுள் நிறம் நிரப்பப்பட்டவை. நிறம் போனாலும் வெட்டு நிற்கும். மேலே அச்சிட்ட மலிவான கருவிகளில் மாத்திரமே போனது போனதுதான். ஆதலின் சிலைட் றூலைத் திருத்தப் புகுவோர் முதலிற் செய்ய வேண்டியது, அது வெட்டிய எழுத்தா அச்சிட்ட எழுத்தா என்பதைச் சரிந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு அறிதலேயாம்.

அடுத்து அறிய வேண்டியது அது எதனாற் செய்யப்பட்டது என்பது. நமக்குக் கிடைத்தவை நான்கு வகைப்பட்டன. ஜேர்மனியிலிருந்து வந்த பழையவை மரத்தின்மேல் வெண்ணிறச் செலுலோயிட்டுத் தகடு ஒட்டியவை. யப்பானின் ஹெம்மி நிறுவனம் ‘சன்’ என்னும் குறியோடு விற்றவை மூங்கிற் கீற்றுகளை ஒட்டி, அவற்றின்மேற் செலுலோயிட்டுப் பதித்தவை. ஈரத்தால் மரம் ஊதுமளவுக்கு மூங்கில் ஊதாது. கொழும்புக் காற்றுக்கு மூங்கில் நன்கு தாக்குப்பிடித்தமை வியப்பன்று. பிற்காலத்துப் பபர்–காஸ்ரல், அறிஸ்ரோ முதலியவை முழுவதும் பிளாஸ்ரிக். பிக்கெற் அலுமினியத்தால் ஆயது. பொறியியலாளரின் சிறு கருவி ஹெம்மி மூங்கில். போருக்குப் பிந்திய ஹெம்மிக் கருவிகளில் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காணலாம். முதலெழுத்து ஆண்டைக் குறிக்கும். ‘ஏ’ என்பது 1950. இரண்டாமெழுத்து மாதத்தைக் குறிக்கும். ‘ஏ’ என்பது சனவரி. அவருடையதில் ‘கே’, ‘சீ’ என்னும் எழுத்துகள் இருந்தன. ஆகவே அது 1960 மார்ச்சிற் செய்யப்பட்டது. தாம் அதனை மாணவராயிருந்தபோது வாங்கியதாக அவர் கூறியதற்கு இது பொருந்துகின்றது.

செலுலோயிட்டைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனிற் கருவியின் உயிர் அதிலேயே உள்ளது. நைத்திரிக் கமிலத்தாற் பதப்படுத்திய பஞ்சுப்பொருளோடு கர்ப்பூரத்தைச் சேர்த்துச் செய்வது செலுலோயிட்டு. பழைய சிலைட் றூலை முகர்ந்தால் மெல்லிய கர்ப்பூர மணம் வீசுவது இதனால். அக்கர்ப்பூரம் மெல்ல மெல்ல ஆவியாக, தகடு சுருங்கி விறைத்து வெடிக்கும். சூடும் ஈரமும் மிகுந்த இடத்திற் காற்றுப் புகாமல் மூடிவைத்தாற் செலுலோயிட்டு அமில ஆவியை வெளிவிட்டுத் தன்னைத் தானே தின்னத் தொடங்கும். பக்கத்திலுள்ள உலோகத்தையும் பச்சை பூக்கச் செய்யும். அன்றியும் அது மிக எளிதில் தீப்பற்றுவது. விளக்கருகே வைத்தோ, சூடுகாட்டியோ அதனை நிமிர்த்த முயலுதல் ஆகாது. ஸ்பிரிற்று, அசற்றோன், நகப்பூச்சுக் கரைக்கும் திரவம், தின்னர் ஆகியவை அதன் பகைகள். நாம் செய்த பிழை இங்கேதான்.

இனித் துடைக்கும் முறை. மெல்லிய பருத்தித் துணியை நீரில் நனைத்து, ஒரு துளியும் சொட்டாதபடி பிழிந்து, மென்மையான சவர்க்காரம் சிறிதே தொட்டு, ஓரங்குலம் ஓரங்குலமாகத் துடைத்தல் வேண்டும். உடனே வேறொரு துணியால் ஈரத்தைப் போக்குதல் வேண்டும். நீரில் அமிழ்த்துதல் கூடாது. மரம் ஊதும், பழைய பசை இளகும். அழுக்கு விடாத இடத்துக்குப் பாடசாலைப் பிள்ளைகளின் மென்மையான வெள்ளை அழிறப்பர் போதும். தகட்டின் மஞ்சள் நிறம் அழுக்கன்று, அது முதுமை. அதனை வெளுக்க முயலற்க.

நிறம் இழந்த கோடுகளுக்கு மீண்டும் நிறம் ஊட்டுதற்குக் கறுப்பு மெழுகுக் கட்டியையே நாம் பயன்படுத்தினோம். சிறுவர் படம் தீட்டும் கட்டிதான். கோடுகளுக்குக் குறுக்காக மெல்லத் தேய்த்து, வெட்டினுள் மெழுகு இறங்கியபின், தடித்த கடதாசியின் விளிம்பால் மிகுதியை வழித்து, காய்ந்த துணியால் துடைத்தோம். எண்ணெய்வண்ணம் நெடுநாள் நிற்குமாயினும், பிழைத்தால் அகற்றுவது அரிது. மெழுகோ வேண்டும்போது எடுத்துவிடத் தக்கது. பின்வருவோர் நீக்கத்தக்க முறையிலேயே எத்திருத்தத்தையும் செய்தல் நன்று. நம்மைக் காட்டிலும் அறிந்தவர் நாளை வரக்கூடுமன்றோ?

கடற்கரை ஊரில் அடிக்கடி காணும் நோய் நடுச்சட்டம் இறுகிக்கொள்ளுதல். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை புகையிரதப் பாதைக்கு அப்பால் உடனே கடல். உப்பும் ஈரமும் ஆண்டு முழுவதும் வீட்டினுள் உலாவும். இறுகிய சட்டத்தைத் தட்டியோ இழுத்தோ எடுக்க முயன்றால் ஓரத்துத் தகடு பெயர்ந்துவிடும். நாம் செய்தது காத்திருத்தலே. மூடியுள்ள பெட்டியொன்றினுள் ஈரமுறிஞ்சும் சிலிக்காச் சிறு பைகளோடு சில நாள் வைத்தோம். பின் ஒரு முனையைப் பெருவிரலால் அழுத்த, நடுச்சட்டம் தானே நகர்ந்தது. பள்ளத்திற் படிந்த தூசியை மென்தூரிகையால் நீக்கி, விளிம்புகளில் வெண்மெழுகுதிரியை ஒருமுறை உரசினாற் போதும். தேங்காயெண்ணெய் பூசினால் அன்று நன்றாய் ஓடும். சில வாரங்களிற் பிசினாகித் தூசியைத் திரட்டி முன்னையினும் இறுகும். இவ்வாறு எண்ணெய் பூசப்பட்ட மூன்று கருவிகளை நாம் கண்டோம்.

தகடு ஓரத்திற் பெயர்ந்திருந்தாற் கரைத்து ஒட்டும் பசையை நாடலாகாது; அது செலுலோயிட்டை உருக்கிவிடும். மரவேலைக்குரிய வெண்பசையை ஈர்க்கு முனையால் மிகச் சிறிதளவு உட்செலுத்தி, இரு தட்டையான பலகைகளுக்கிடையே கடதாசி வைத்து ஓரிரவு அழுத்திவைக்கலாம். ஆனால் தகடு சுருங்கியிருப்பின் இழுத்து நீட்ட முயலற்க. 250 மில்லிமீற்றர் அளவிடையில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால், விடை நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று பிசகும். அளவிடையின் எப்பகுதியில் வாசித்தாலும் பிசகின் வீதம் அதுவே. ஐந்தங்குலக் கருவியிற் பிசகு இருமடங்காகும். சுருங்கிய கருவியைக் கணக்குக்கு விடாது காட்சிக்கு மாத்திரம் வைத்தலே நேர்மை.

ஓடுகண்ணாடியிற் பல குறைகள் நேரும். உலோகச் சட்டம் பச்சை பூக்கும், திருகாணி துருப்பிடிக்கும், சிலவற்றிற் பக்கத்துப் பிளாஸ்ரிக் துண்டுகள் தாமாகவே நொறுங்கி உதிரும். நொறுங்கியதை உடனே கழற்றித் தனியே வைக்க வேண்டும். கருவியின்மேல் விட்டால் அதன் அமிலம் தகட்டையும் அரிக்கும். கண்ணாடி உடைந்திருப்பின், தெளிந்த பிளாஸ்ரிக் தகட்டில் அளவாக ஒரு துண்டு வெட்டி, கூரிய ஊசியால் ஒரு கோடு கீறி, அதற்கும் கறுப்பு மெழுகு இடலாம். கீறல் உட்புறத்தே, அளவிடையைத் தொட்டாற்போல இருத்தல் வேண்டும். வெளிப்புறத்தே கீறினால், பார்ப்பவர் தலை சரியும்தோறும் விடையும் சரியும்.

இவையெல்லாம் முடிந்தபின் சோதனை. நடுச்சட்டத்தின் இடக்கோடியிலுள்ள ஒன்றை உடற்சட்டத்தின் ஒன்றோடு பொருத்துக. வலக்கோடியும் தானே பொருந்துதல் வேண்டும். ஓடுகண்ணாடியின் கோட்டை இடக்கோடியில் வைத்தால் மேல் கீழ் அளவிடைகள் எல்லாவற்றின் தொடக்கத்தையும் அது ஒருங்கே தொடல் வேண்டும். தொடாவிடின் திருகாணிகளைச் சற்றே தளர்த்தி, கோட்டை நிமிர்த்தி, மீண்டும் முடுக்குக. பின் கீழளவிடையில் மூன்றில் நிறுத்தினால் வர்க்க அளவிடையில் ஒன்பது வரல் வேண்டும். முப்பது பாகைக்குச் சைன் பெறுமானம் ஐந்து என நிற்றல் வேண்டும்.

ஐந்து என்றோம், அரை என்றோமில்லை. இங்கேதான் இக்கருவியின் அருமை உளது. சிலைட் றூல் இலக்கங்களைத் தருமேயன்றித் தசமப் புள்ளியைத் தராது. 23.4ஐ 0.0512ஆற் பெருக்கினால் அது ‘ஒன்று, இரண்டுக்குச் சற்றே குறைவு’ என்னும் இடத்தைக் காட்டும். அது பன்னிரண்டா, ஒன்று தசம் இரண்டா, நூற்றிருபதா என்பதைக் கணிப்பவரே துணிதல் வேண்டும். ‘இருபதை ஐந்தின் நூற்றிலொரு பங்காற் பெருக்கினால் ஒன்று, ஆகவே விடை ஏறக்குறைய 1.2’ என்று அவர் மனத்தால் முன்னரே மதித்திருப்பார். இக்காலத்து மாணவன் பொத்தானை அமுக்கிப் பத்து இலக்கத்தையும் நம்புகின்றான். விடை பத்துமடங்கு பிழையாயினும் அவன் முகம் மாறுவதில்லை. பழைய பொறியியலாளரோ விடையைக் காணுமுன்னரே அதன் பருமனை அறிந்திருந்தார். அவ்வறிவு கருவியோடு தேய்ந்துபோதல் நன்றன்று. அது பற்றியே, இவற்றைக் கண்ணாடிப் பேழையிற் பூட்டுவதோடு நில்லாமல், ஓடத்தக்கனவாகத் திருத்தினோம்.

பேணும் முறை சிலவே. தோலுறை பூஞ்சணம் பிடிக்கும். ஆதலின் கருவியை உறையினின்றும் எடுத்து, அமிலமற்ற வெண்கடதாசியிற் சுற்றித் தனியே வைக்க. காற்று அற்ற பிளாஸ்ரிக் பையில் இட்டுக் கட்டற்க. ஈரமுறிஞ்சும் பைகளை ஈரம் போக்கும் நாள்களில் மாத்திரம் வைத்து, பின் காற்றோட்டமுள்ள இலாச்சிக்கு மாற்றுக. வெயிலும் சமையலறைச் சூடும் ஆகா. பூச்சியுருண்டை போடற்க, அதன் ஆவி பிளாஸ்ரிக் வகை சிலவற்றை இளக்கும். மூன்று மாதத்துக்கொருமுறை எடுத்து நடுச்சட்டத்தை ஓட்டிப் பார்க்க. அமில மணம் வீசினால் அதனை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுக.

இன்னொன்று உண்டு. பல கருவிகளின் முதுகில் உரியவர் பெயரை ஊசியாற் கீறியிருந்தனர். அப்பெயரைத் தேய்த்து அகற்றினாற் கருவி அழகாகும் என்று ஒருவர் நமக்குக் கூறினார். நாம் உடன்படவில்லை. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்றவர்கள். ஒருவர் செல்லரித்த ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். மற்றவர் வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். எழுத்தைப் பேணுதலும் எண்ணைப் பேணுதலும் நம்மவர்க்கு ஒரே பள்ளியிற் பிறந்த இரு தொழில்கள். ஏட்டின் இறுதியில் எழுதியவன் பெயரைக் கண்டால் நாம் அழிப்பதுண்டோ? கருவியோடு ஒரு சிறு சீட்டையும் வைத்து, யாருடையது, எப்போது வாங்கியது, எவ்வேலைக்குப் பயன்பட்டது, நாம் செய்த திருத்தம் எது என்பவற்றை எழுதி வைத்தோம். நாம் இழைத்த பிழையையும் அச்சீட்டில் மறையாமல் எழுதியுள்ளோம்.

பொறியியலாளரின் சிறு கருவி இப்பொழுது ஓடுகின்றது. இரண்டுக்கும் நான்குக்கும் இடையே கோடுகள் மீண்டும் கறுத்துவிட்டன. மங்கிய இடம் மங்கியவாறே இருக்கின்றது; அதனை மினுக்கினால் வெட்டுகள் ஆழங்குறையுமாதலின் விட்டுவிட்டோம். அவரிடம் திருப்பிக் கொண்டுசென்றபோது, முதலில் இரண்டையும் மூன்றையும் பெருக்கிப் பார்த்தார். பின் அதனைச் சட்டைப்பையில் இட்டு, சிறிது நேரம் கழித்து எடுத்து நம்மிடமே தந்தார். “பிள்ளையள் தொட்டுப் பாக்கட்டும்” என்றார்.

அன்பார்ந்த பழைய மாணவர்களே, தந்தையாரின் மேசை இலாச்சியை ஒழிக்குமுன் ஒருமுறை உள்ளே பாருங்கள். சிலைட் றூல் கிடைத்தால் துடைக்காமலே கொண்டுவாருங்கள். அதனை ஆண்டவர் யார் என்பதையும் எழுதி வாருங்கள். துடைப்பதற்கு இங்கே ஆள் உண்டு, அவர் பட்டறிந்தவர்.